அட்டையை எண்ணிப் பாருங்கள்: கொங்கு மாவட்டச் சுகாதார அலுவலர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய அலுவலர்களுக்கு,

வணக்கமுங்க. கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல், கரூர் மாவட்டங்களில் பொதுச் சுகாதாரத்தைப் பார்த்துக்கொள்ளும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்தே இதை எழுதுகிறேன். காங்கேயத்துக்கும் தாராபுரத்துக்கும் இடையில் ஒரு சிற்றூரில் மருந்துக்கடை வைத்திருக்கிறேன். நான் டாக்டர் இல்லை. ஆனால் எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் டாக்டரிடம் சொல்லாததையும் மருந்துக்கடையில் நின்று சொல்லிவிடுவார்கள். அப்படிக் கேட்டும் பார்த்தும் தெரிந்துகொண்டதைத்தான் எழுதுகிறேன்.

சர்க்கரையும் லேசான மறதியும் சேர்ந்து இருக்கிற முதியோருக்கு மாத்திரையைக் கொண்டுபோய்க் கொடுப்பது பாதி வேலைதான். அதை அவர்கள் எப்படிப் போட்டுக்கொள்கிறார்கள் என்று பார்க்க ஒரு ஆள் வேண்டும். பார்த்தபிறகு, தேவைப்பட்டால் மாத்திரையைக் குறைத்து எழுத ஒரு டாக்டர் வேண்டும். எங்கள் பக்கம் இது இரண்டுமே இல்லை.

முதலில் நன்றி சொல்லிவிடுகிறேன். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் மக்களைத் தேடி மருத்துவம் தொடங்கியபோது, நாலு மாதம் ஓடும், அப்புறம் நின்றுவிடும் என்று பேசியவர்கள் உண்டு. நிற்கவில்லை. சுய உதவிக்குழுவிலிருந்து வந்த பெண்கள் வெயிலில் காடு மேடெல்லாம் சுற்றி, பிரஷரும் சர்க்கரையும் பார்த்து, மாத்திரையைக் கையில் கொடுத்துவிட்டுப் போகிறார்கள். 2024-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பின் விருதும் இந்தத் திட்டத்துக்குக் கிடைத்தது. இதனால் என் கடையில் சர்க்கரை மாத்திரை விற்பனை குறைந்தது உண்மைதான். அதில் எனக்கு வருத்தமில்லை. காசில்லாமல் பாதி மாத்திரையோடு போனவர்களை அதற்கு முன் நிறையப் பார்த்திருக்கிறேன்.

சிக்கல் அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. எழுபத்தைந்து வயதுக்குக் குறையாத ஒரு ஆத்தா கடைக்கு வந்தார். கையில் எவர்சில்வர் டப்பா. "இதுல எது தீந்து போச்சுன்னு பாரு கண்ணு" என்றார். கொட்டிப் பார்த்தேன். அரசாங்கம் கொடுத்த மெட்ஃபார்மின் அட்டை இருந்தது. கோவையில் மகன் காட்டிய டாக்டர் எழுதிய, கிளிமிபிரைடும் மெட்ஃபார்மினும் சேர்ந்த மாத்திரை இருந்தது. அதே சேர்மானம் வேறு கம்பெனி பேரில், வேறு நிறத்தில், உள்ளூர் கிளினிக் சீட்டுக்கு வாங்கியதும் இருந்தது. பிரஷர் மாத்திரை இரண்டு வகை. பேரும் காலாவதித் தேதியும் இல்லாத மூலையாக வெட்டிய அட்டைத் துண்டுகள் நாலைந்து. எதை எதற்குப் போடுகிறீர்கள் என்று கேட்டேன். "சக்கரைக்கு வெள்ளை ஒண்ணுதான் சாமி. மஞ்சள் கால் எரிச்சலுக்கு, பச்சை கெறக்கத்துக்கு." மூன்றும் சர்க்கரைக்குத்தான். மூன்றையும் போட்டுவிட்டு, கெறக்கம் வந்தால் இன்னொரு பச்சையைப் போட்டிருக்கிறார். அந்தக் கெறக்கமே மாத்திரை அதிகமானதால் வந்திருக்கலாம் என்று வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. பித்தம் என்று சொல்லி எலுமிச்சை பிழிந்து கொடுத்திருக்கிறார்கள். நல்லவேளையாக, அதில் சர்க்கரை போட்டுக் கொடுத்திருக்கிறார்கள்.

அந்த ஆத்தாவைப் பைத்தியம் என்றோ, ஒன்றும் தெரியாதவர் என்றோ யாரும் சொல்ல முடியாது. வட்டிக்கணக்கு வாயிலேயே போடுவார். பேரன் கல்யாணத்துக்கு யார் என்ன மொய் வைத்தார்கள் என்பது இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் காலையில் மாத்திரை போட்டோமா இல்லையா என்பது பத்து மணிக்கு மறந்துவிடுகிறது. டாக்டர்கள் லேசான அறிவாற்றல் குறைபாடு என்று சொல்வது இதைத்தான். வயதுக்கு உரியதைவிட மறதி கூடுதல், ஆனால் அன்றாட வேலைகள் ஓடிக்கொண்டிருக்கும். எல்லோருக்கும் இது முற்றிப்போவதில்லை. சிலருக்கு அப்படியே நிற்கும், சிலருக்குச் சரியாகவும் செய்யும். ஆனால் நாளொன்றுக்கு நாலு வேளை மருந்து, சாப்பாட்டுக்கு முன், சாப்பாட்டுக்குப் பின், ஊசியில் இத்தனை யூனிட் என்று ஒரு கணக்கையே நினைவில் வைக்கச் சொல்கிற நோய் சர்க்கரை. மறதி முதலில் கைவைப்பது அந்தக் கணக்கில்தான்.

இரண்டும் சேர்ந்து வருவது தற்செயலும் இல்லை. பல வருஷம் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, கண்ணையும் சிறுநீரகத்தையும் கெடுப்பதுபோல மூளையின் சிறு ரத்தக்குழாய்களையும் கெடுக்கிறது. 2024-இல் லான்செட் மருத்துவ இதழின் ஆணையம் மறதி நோய்க்கு (டிமென்ஷியா) காரணமாகும், நம்மால் மாற்ற முடிகிற 14 விஷயங்களைப் பட்டியலிட்டது. அதில் சர்க்கரை உண்டு, காது கேளாமை உண்டு, சரிசெய்யாத பார்வைக் குறைவு உண்டு, தனிமையும் உண்டு. தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கும் எங்கள் ஊர்ப் பெரியவர் ஒருவரை நினைத்துக்கொண்டு இந்த நாலையும் படித்துப் பாருங்கள். 2023-இல் வந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் குழுமத்தின் ஆய்வு, தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை என்கிறது. 2021-இல் நம் மாநில மக்களில் 13.6 சதவீதமாக இருந்த அறுபது தாண்டியவர்கள், 2031-இல் 18.2 சதவீதம் ஆவார்கள் என்பது மத்திய அரசின் கணிப்பு. பிள்ளைகள் திருப்பூர், கோவை, பெங்களூர் என்று போய்விட்ட எங்கள் ஊர்களில் இந்தக் கணக்கெல்லாம் ஏற்கெனவே தாண்டிப்போனதுபோலத்தான் தெரிகிறது.

கொங்குப் பக்கத்தின் வீட்டமைப்பைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். வேறு ஜில்லாவிலிருந்து மாற்றலாகி வருகிறவர்களுக்கு இது பிடிபடக் கொஞ்ச நாளாகும். இங்கே ஊர் என்பது தெருத்தெருவாக இருக்காது. அவரவர் தோட்டத்துக்குள் அவரவர் வீடு. பக்கத்து வீட்டுக்குக் கூப்பிட்டால் கேட்காது. 2024-லும் 2025-லும் பல்லடம் பக்கமும் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீட்டு முதியோர் கொலையான பிறகு, கேட்டில் பூட்டு, உள்ளே நாய், வெளியாள் என்றால் சந்தேகம். மாத்திரை கொடுக்கிற புள்ளையே கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, பால் சொசைட்டியில் கொடுத்துவிட்டுப் போவதுண்டு. அவரைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைக்கு எத்தனை நாயைச் சமாளிப்பார்?

மகன் ராத்திரி எட்டு மணிக்குப் போன் செய்வார். "மாத்திரை போட்டீங்களாப்பா?" "போட்டாச்சு சாமி." போட்டாலும் அதே பதில், போடாவிட்டாலும் அதே பதில். பொய் சொல்கிறார் என்று இல்லை. போட்டதாகவே நினைக்கிறார், அல்லது மகனைக் கவலைப்பட வைக்க வேண்டாம் என்று நினைக்கிறார். உங்கள் தன்னார்வலர்கள் கேட்பதும் இதே கேள்வியைத்தான். அதனால் என் முதல் வேண்டுகோள் செலவில்லாதது: "போட்டீங்களா" என்று கேட்பதை விட்டுவிட்டு, போன மாத அட்டையை எடுத்து வரச் சொல்லி மிச்சத்தை எண்ணச் சொல்லுங்கள். முப்பது நாளுக்குக் கொடுத்ததில் பதினெட்டு மிச்சமிருந்தால் ஒரு பிரச்சினை. இருபதாம் நாளே தீர்ந்திருந்தால் அதைவிடப் பெரிய பிரச்சினை. கூடவே, வீட்டில் இருக்கும் மற்ற சர்க்கரை மாத்திரைகளையும் பார்த்து நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அரசு நோட்டில் அரசு மாத்திரை மட்டும்தான் இருக்கிறது. தனியார் சீட்டில் தனியார் மாத்திரை மட்டும்தான். இரண்டும் ஒரே வயிற்றுக்குள்தான் போகின்றன.

இரண்டாவது வேண்டுகோள் டாக்டர்கள் சம்பந்தப்பட்டது. சர்க்கரை ஏறினால் உடனே ஒரு மாத்திரை கூட்டுகிறார்கள். போன மாத்திரையையே போடாததால்தான் ஏறியதா என்று கேட்க நேரமில்லை. கூட்டிய மருந்தையும் சேர்த்து ஒருநாள் ஒழுங்காகப் போட்டுவிட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கிவிடுகிறது. வயதானவர்களுக்கு லோ சுகர் வந்தால் நடுக்கமும் வியர்வையும் எப்போதும் முன்னே வருவதில்லை. குழறல், எரிச்சல், சம்பந்தமில்லாத பேச்சு, அப்படியே சுருண்டு படுத்துக்கொள்வது என்றும் வரும். ஏற்கெனவே மறதி இருப்பவர் என்றால் வீட்டில் "வயசாச்சு, அப்படித்தான்" என்று விட்டுவிடுகிறார்கள். கடுமையான லோ சுகர் திரும்பத் திரும்ப வந்தால் மூளைக்கும் கெடுதல், மறதியும் கூடும். மறதி கூடினால் மாத்திரைக் கணக்கு இன்னும் தப்பும்.

சர்க்கரையை இறக்கிவிடும் தன்மை எல்லா மாத்திரைக்கும் ஒரே அளவில் இல்லை. மெட்ஃபார்மின் மட்டும் என்றால் பயம் குறைவு. கிளிமிபிரைடு, கிளிபென்கிளமைடு போன்றவையும் இன்சுலினும்தான் கவனிக்க வேண்டியவை. கிளிபென்கிளமைடை முதியோருக்குத் தவிர்க்கச் சொல்லி அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் பியர்ஸ் பட்டியலே சொல்கிறது. லேசான முதல் நடுத்தர மறதி உள்ள முதியோருக்கு மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (HbA1c பரிசோதனை) 8 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் போதும், இளவட்டங்களைப்போல 7-க்குக் கீழே இழுத்துப்பிடிக்க வேண்டாம் என்று அமெரிக்க நீரிழிவுச் சங்கம் பல வருஷமாகச் சொல்லி வருகிறது. 65 வயதைத் தாண்டிய சர்க்கரைக்காரர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை நினைவாற்றலைப் பார்க்க வேண்டும் என்பதும் அவர்கள் சொன்னதுதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கூட்டத்துக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் டாக்டருக்கு இது தெரியாமல் இல்லை. ஆனால் அளவைத் தளர்த்தினால் "கட்டுக்குள் இல்லாத நோயாளி" என்று அவருடைய கணக்கில் ஏறுமோ என்ற தயக்கம் இருக்கலாம். நீங்கள் ஒரு சுற்றறிக்கை போட்டு, எழுபதைத் தாண்டிய, மறதி உள்ள நோயாளிக்குத் தனி இலக்கு உண்டு, குறைத்து எழுதுவதும் சிகிச்சைதான் என்று சொல்லிவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். மூன்று வேளையை ஒரு வேளையாக்க முடிகிறவர்களுக்கு ஆக்கிக் கொடுக்கட்டும். (இதைப் படிக்கிற வீட்டார் யாரும் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம். டப்பாவோடு டாக்டரிடம் போங்கள்.)

மறதியைப் பார்ப்பது எப்படி என்பதிலும் ஒரு வார்த்தை. கடிகாரம் வரை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழி, இன்று என்ன தேதி என்றெல்லாம் கேட்டால் பள்ளிக்கூடம் பார்க்காத எங்கள் ஆத்தாக்கள் நல்ல நினைவோடு இருந்தும் தோற்றுப்போவார்கள். ஹரியானாவின் பல்லப்கரில் எழுதப்படிக்கத் தெரியாத கிராமத்து முதியோருக்கென்றே 1990-களில் ஒரு சோதனையை உருவாக்கினார்கள். நம் வேலூரிலேயே கிராமத்தில் வைத்து மறதி நோயைக் கண்டறிவதற்கான கருவி ஒன்று வந்திருக்கிறது. அமாவாசை எப்போது போனது, புரட்டாசிக்கு அப்புறம் என்ன மாதம், போன வாரம் யார் வீட்டு விசேஷத்துக்குப் போனீர்கள் என்று கேட்டால் பதில் சொல்கிற விதத்திலேயே பாதி தெரிந்துவிடும். மீதியை முறையான சோதனை பார்த்துக்கொள்ளும்.

சந்தேகம் வந்ததும் "மறதி நோய்" என்று நோட்டில் எழுதிவிடவும் வேண்டாம். மெட்ஃபார்மினை வருஷக்கணக்கில் போட்டால் பி12 குறையலாம். பி12 குறைந்தாலும் மறதி வரும். தைராய்டு குறைந்தாலும் வரும். வீட்டுக்காரரைப் பறிகொடுத்த துக்கத்திலும் வரும். காது கேட்காதவர் கேள்வியே புரியாமல் தப்பாகப் பதில் சொல்வார். வருஷக்கணக்கில் தூக்க மாத்திரை போடுகிறவர் மந்தமாகத்தான் இருப்பார். பழைய சீட்டைக் காட்டி அதைக் கேட்டு என்னிடம் வருகிறவர்களோடு நான் சண்டை போடாத வாரமில்லை. இவையெல்லாம் சரிசெய்யக் கூடியவை. பி12, தைராய்டு இரண்டையும் வட்டார அளவிலாவது இந்தப் பெரியவர்களுக்கு இலவசமாகப் பார்க்க வழி செய்யுங்கள். தாலுகா மருத்துவமனைகளில் மாதத்துக்கு ஒரு நாள் முதியோர் நினைவாற்றலுக்கென்று ஒதுக்குங்கள். அனுப்பிவைக்க ஒரு இடம் இல்லாமல் சோதனை மட்டும் செய்தால் பயம்தான் மிஞ்சும்.

பயம் என்றதும் இன்னொன்று. எங்கள் பக்கம் மறதியை மறைப்பதற்கு வெட்கம் மட்டும் காரணமில்லை, காடு தோட்டமும் காரணம். அப்பாருக்கு மறதி என்று ஊருக்குத் தெரிந்தால், அவர் எழுதிய செட்டில்மென்ட் பத்திரம் செல்லாது என்று நாளைக்கு யாராவது கோர்ட்டுக்குப் போவார்களோ என்று குடும்பமே வாயை மூடிக்கொள்கிறது. லேசான மறதி இருப்பதாலேயே ஒருவர் கையெழுத்துப் போடும் தகுதியை இழந்துவிடுவதில்லை. பத்திரத்தில் என்ன இருக்கிறது, அதனால் என்ன ஆகும் என்று அந்த நேரத்தில் அவருக்குப் புரிகிறதா என்பதே கேள்வி. உங்கள் முகாம்களில் இதை ஒரு வரி சொன்னால் டாக்டரிடம் வருகிறவர்கள் கூடுவார்கள். நோட்டு யார் கையில் இருக்கிறது, அதில் இருப்பதை யாரெல்லாம் பார்க்கலாம் என்பதிலும் கட்டுப்பாடு வேண்டும். ஊரில் எல்லோரும் எல்லோருக்கும் சொந்தம், அதுவே தொல்லையும்கூட.

இனி மூன்றாவது, பெரிய வேண்டுகோள். ஒவ்வொரு மறதிக்கார நோயாளிக்கும் பேர் சொல்லி ஒரு கூட்டாளை நியமியுங்கள். மகனோ மகளோ வெளியூர் என்றால், தினம் அவரைப் பார்க்கிற யாராவது. அது யார் என்று எங்கள் ஊரில் தேடினால் ஆச்சரியமாக இருக்கும். பால் சொசைட்டிக் காரியதரிசி காலையும் மாலையும் இவர்களைப் பார்க்கிறார். ஒரு பெரியவர் பால் கொண்டுவராமலே ஊற்றியாயிற்று என்று சாதித்தபோது, வீட்டார் கவனிப்பதற்கு வெகு முன்பே எங்கள் காரியதரிசிக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் தெரிந்ததை யாரிடம் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. ரேஷன் கடை, டீக்கடை, மினி பஸ் கண்டக்டர், என்னைப்போன்ற மருந்துக்கடைக்காரர்கள் எல்லோரும் இப்படித்தான். எங்களுக்கு அரை நாள் பயிற்சி கொடுத்து, யாருக்குப் போன் செய்ய வேண்டும் என்று ஒரு எண் கொடுங்கள்.

இன்னொரு ஆளும் இருக்கிறார், யாரும் நினைப்பதில்லை. இன்று நிறையத் தோட்டங்களில் முதியவருக்கு மிக அருகில் இருப்பது பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்து சாளையில் தங்கியிருக்கும் வேலையாட்கள் குடும்பம்தான். பெரியவர் விழுந்துகிடந்தால் முதலில் பார்ப்பது அவர்கள். அவர்களுக்குத் தமிழ் சரியாக வராது. நம் துண்டறிக்கை எதையும் படிக்க முடியாது. படம் போட்டு, இந்தியிலும் எழுதி ஒரே ஒரு தாள் போதும்: குழறினால், வேர்த்தால், சர்க்கரை மூன்று டீஸ்பூன் தண்ணீரில் கலக்கிக் கொடு, கால் மணி நேரம் கழித்துப் பார், தெளியவில்லை என்றால் இன்னொரு தடவை கொடு, தெளிந்ததும் சாப்பிட வை, நினைவில்லை என்றால் வாயில் எதையும் ஊற்றாதே, 108-க்குக் கூப்பிடு. மாத்திரையால் இறங்கிய சர்க்கரை சில மணி நேரம் கழித்து மறுபடியும் இறங்கலாம், ராத்திரி தனியாக விடாதே என்பதையும் சேர்த்துவிடுங்கள்.

சாப்பாட்டைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. ஒன்றிரண்டு மட்டும். கவுந்தப்பாடி நாட்டுச்சர்க்கரை சர்க்கரை நோய்க்கு ஒன்றும் செய்யாது என்று படித்தவர்களே நம்புகிறார்கள்; அதுவும் சர்க்கரைதான், ரத்தத்தில் ஏற்றத்தான் செய்யும். புரட்டாசிச் சனிக்கும் அமாவாசைக்கும் விரதம் இருக்கும் பெரியவர்கள் சாப்பாட்டை விட்டுவிட்டு மாத்திரையை மட்டும் விடாமல் போடுகிறார்கள். விரத நாளுக்கு என்ன செய்வது என்று டாக்டர் முன்கூட்டியே சீட்டில் எழுதித் தர வேண்டும். நோம்பி வரும் மாதங்களில் தன்னார்வலர்கள் இதை ஒரு தடவை கேட்டுவிட்டு வந்தால் நல்லது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். வாளையாறு தாண்டினால் கேரளம். 1993-இல் கோழிக்கோட்டில் சிறிதாகத் தொடங்கிய வலி நிவாரணப் பராமரிப்பு, பிறகு மலப்புறம் பக்கம் ஊர்க்காரர்களே குழுவாகச் சேர்ந்து வீடு வீடாகப் போய்ப் பார்க்கிற ஏற்பாடாக வளர்ந்தது. அங்கே டாக்டரும் நர்சும் குறைவு, பக்கத்து வீட்டுக்காரர்கள்தான் அதிகம். நம்மிடம் அதைவிட ஒரு வசதி கூடுதல்: வாசல் வரை போகிற பெண்கள் ஏற்கெனவே இருக்கிறார்கள். ஆனால் அவர்களுக்குக் கொடுக்கிற சொற்ப ஊக்கத்தொகையிலேயே அட்டை எண்ணுவதையும் நினைவு பார்ப்பதையும் சேர்த்து ஏற்றாதீர்கள். வேலை கூடினால் காசும் கூட வேண்டும். இல்லாவிட்டால் எண்ணாமலே எண்ணியதாக எழுதுவார்கள். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்வேன்.

ஒரே நாளில் எல்லா மாவட்டத்திலும் தொடங்கச் சொல்லவில்லை. மாவட்டத்துக்கு ஒரு துணை சுகாதார நிலையத்தை எடுத்துக்கொண்டு ஆறு மாதம் செய்து பாருங்கள். மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குப் போனவர்கள் முன்பு எத்தனை பேர், பிறகு எத்தனை பேர் என்று கணக்கு வையுங்கள். எங்கள் ஊரை எடுத்துக்கொண்டால் என் கடையும் பால் சொசைட்டித் திண்ணையும் தயார், காரியதரிசியிடம் பேசிவிட்டேன். ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஆள் அனுப்பும்போது காலை பத்துக்கு மேல், சாயங்காலம் நாலுக்குள் வருகிற மாதிரி அனுப்புங்கள். மற்ற நேரத்தில் பால் கறவை நடக்கும். தோட்டத்தில் யாரும் உட்கார்ந்து பேசமாட்டார்கள்.

இப்படிக்கு,
காங்கேயம் பக்கத்து மருந்துக்கடைக்காரன்